இனோபத் கொடுத்த முட்டைகள்

ஜனவரி மாதம். கால்வாயின் ஓரமெல்லாம் பனி இறுகிக் கிடந்தது. எங்கள் வீட்டுக்கும் இனோபத் அக்கா வீட்டுக்கும் நடுவே ஒரு மண்சுவர், அதில் ஒரு சின்னக் கதவு. குனிந்துதான் நுழைய முடியும். அவள் முதலில் ஒரு கூடையை உள்ளே தள்ளினாள். பிறகுதான் அவள் தலை வந்தது.

"சனோபர், இதுல இருபது முட்டை இருக்கு. எல்லாம் என் மகளுக்கு. உன் புருஷன் கை வச்சார்னா விரலை ஒடிச்சு அடுப்புல போட்டுடுவேன், சொல்லிடு."

என் மகள் ஜும்ரத்தைத்தான் அவள் 'என் மகள்' என்றாள். அப்படிச் சொல்ல அவளுக்கு உரிமை இருந்தது. ஜும்ரத் பிறந்த வாரம் எனக்குப் பிரசவக் காய்ச்சல் வந்து ஒரு மாதம் மருத்துவமனையில் கிடந்தேன். இனோபத்தின் மூன்று மாதப் பெண் குழந்தை அப்போதுதான் இறந்திருந்தது. பால் கட்டி, வலியில் சுருண்டு கிடந்தவள் எழுந்து வந்து என் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். நான் திரும்பி வந்தபோது ஜும்ரத் கொழுகொழுவென்று இருந்தாள். எங்களிடையே பால் கொடுத்தவளும் தாய்தான். வளர்ந்த பிறகும் ஜும்ரத் அவளைப் 'பாலம்மா' என்றுதான் கூப்பிட்டாள்.

சோவியத் ஒன்றியம் உடைந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. என் கணவர் எர்காஷ் எண்ணெய் ஆலையில் வேலை பார்த்தார். சம்பளம் என்று ஒன்று வந்தால் அது பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு மூட்டையாகத்தான் வந்தது. எங்கள் பசு தின்றது போக மிச்சம் நிறைய இருந்தது. அதைச் சின்னக் கதவு வழியாக இனோபத்துக்குத் தள்ளிவிடுவேன். கோதுமை மனிதனுக்கே கிடைக்காத காலம், கோழிக்கு எங்கே கிடைக்கும்? அவளுடைய பத்துப் பன்னிரண்டு கோழிகளும் அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் புண்ணாக்கைத் தின்றுதான் முட்டையிட்டன.

ஜும்ரத் அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. அவளுடைய முதல் கரு நான்காம் மாதத்திலேயே கலைந்துவிட்டது. அதனால் இந்தத் தடவை அவள் மாமியாரிடம் கெஞ்சி முன்கூட்டியே வீட்டுக்கு அழைத்து வந்திருந்தேன். அவள் வரப்போகிறாள் என்று தெரிந்த நாளிலிருந்தே இனோபத் முட்டை சேர்க்க ஆரம்பித்துவிட்டாள். இரண்டு நாளைக்கு ஒன்றாக எடுத்து, நெருப்பே மூட்டாத பின்னறையில் தவிட்டுக்குள் புதைத்து வைத்தாளாம். ஒரு மாதத்துக்கு மேல் சேர்த்ததுதான் அந்த இருபது.

ஞாயிற்றுக்கிழமை ஜும்ரத்தின் மாமியார் சலோமத் மருமகளைப் பார்க்க வந்தாள். பழக் கிண்ணமும் ரொட்டியும் வைத்து விரிப்பு விரித்தேன். முட்டை வேக வைத்தேன். எப்போதும் வைக்கும் அதே பானை, அதே தண்ணீர், ஒரு பிடி உப்பு. கொதி வந்து பத்து நிமிடம் விட்டேன். குளிர்ந்த நீரில் போட்டு உரித்தேன். உரிக்கும்போதே வெள்ளைக்கருவில் லேசான இளஞ்சிவப்பு தெரிந்தது. ஜன்னல் வெளிச்சமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜும்ரத்துக்குப் பசி. ஒன்றை எடுத்து அப்படியே கடித்தாள்.

"அம்மா, இது வெந்துச்சா இல்லையா? மெல்லவே முடியல. தோல் மாதிரி இழுக்குது."

"பத்து நிமிஷம் கொதிச்சுதுடி. வேகாம என்ன?"

அவள் பாதி மென்று விழுங்கினாள். மறுபாதியைத் தட்டில் வைத்தபோதுதான் உள்ளே பார்த்தோம். மஞ்சள் இல்லை. பாசி பிடித்த கல்லின் நிறம், பழுப்பும் பச்சையும் கலந்து. சலோமத் இன்னொன்றை எடுத்துக் கத்தியை வைத்து அழுத்தினாள். வெள்ளைக்கரு வெட்டுப்பட்டது. உள்ளே இருந்த உருண்டை வெட்டுப்படாமல் வழுக்கித் தரையில் விழுந்தது. விழுந்த வேகத்தில் முழங்கால் உயரத்துக்குத் துள்ளியது. மறுபடியும் துள்ளி, உருண்டு, டிரங்குப் பெட்டிக்குக் கீழே போய் நின்றது.

சலோமத், தீவினை அண்டக்கூடாது என்று, தன் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்து, உள்ளே மூன்று முறை துப்பினாள்.

"என்ன சம்பந்தி இது? முட்டைதானா, இல்ல வேற எதாவதா?"

மூன்றாவதை வெட்டினேன், நான்காவதை வெட்டினேன். எல்லாம் அப்படித்தான். அழுகல் நாற்றம் இல்லை. நாற்றம் அடித்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். கெட்டுப்போனது என்று தூக்கிப் போட்டிருப்பேன்.

அந்த நேரம் பார்த்துச் சின்னக் கதவு திறந்தது. தன் மகள் சாப்பிடுவதைப் பார்க்க இனோபத் வந்திருந்தாள். தட்டைப் பார்த்தாள். ஒரு உருண்டையை எடுத்து விரலால் அழுத்திப் பார்த்தாள், சுவரில் எறிந்தாள். அது திரும்பி அவள் கைக்கே வந்தது. வாய்விட்டுச் சிரித்தாள்.

"அடி ஆத்தாடி! முட்டை கேட்டா என் கோழி பந்து குடுத்திருக்கு! என் பையன் பஹ்ரோம் சின்னவனா இருந்தா நாள் பூரா இதை வச்சே ஆடியிருப்பான்!"

யாரும் சிரிக்கவில்லை. அவள் முகம் மெல்ல மாறியது. ஓடிப்போய் அன்று காலையில் இட்ட இரண்டு முட்டைகளைக் கொண்டுவந்தாள். என் அடுப்பிலேயே, என் பானையிலேயே வேக வைத்தாள். உரித்து வெட்டினாள். வெளிறிய மஞ்சள், பொலபொலவென்று உதிர்ந்தது.

"பாரு, நல்லாத்தானே இருக்கு? நான் தினமும் இதைத்தானே திங்கறேன்? அதுக்கு என்ன வந்துச்சுன்னு தெரியலையே, சனோபர்."

சலோமத் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அவங்க திங்கறது நல்லா இருக்கு. உங்களுக்குக் குடுத்தது மட்டும் இப்படி."

ஐந்தாம் நாள் ஜும்ரத்துக்கு வலி எடுத்தது. மாவட்ட மருத்துவமனையில் கணப்பு இல்லை. தாதிகள் கோட்டுக்கு மேல் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு நின்றார்கள். ஆண் குழந்தை. மூச்சு இல்லை. களைத்துப்போன ஒரு மருத்துவர் வெளியே வந்து, கொடி கழுத்தைச் சுற்றிக்கொண்டது, யார் மேலும் குற்றம் இல்லை என்று எர்காஷிடம் சொன்னார். அவர் சொன்னது என் காதிலும் விழுந்தது. நான் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. நடைக்கூடத்தின் மறுமுனையில் சலோமத் தன் மகன் ஓதிலிடம் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்ததைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து அவள் என்னிடமே சொன்னாள். கத்தவில்லை. அன்பாகத்தான் சொன்னாள்.

"சம்பந்தி, எனக்கு இருக்கறது ஒரே பையன். ரெண்டு தடவை ஆயிடுச்சு. பொண்ணோட உடம்புல ஏதோ இருக்கு. மூணாவது தடவைக்கு நாங்க காத்திருக்க முடியுமான்னு நீங்களே சொல்லுங்க."

இருபத்திரண்டு வயதில் திருப்பி அனுப்பப்பட்ட பெண்ணுக்கு எங்கள் ஊரில் என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். கிழவனுக்கு இரண்டாந்தாரம், இல்லையென்றால் ஒன்றுமில்லை. அந்த நிமிடம் எனக்கு முட்டைகள் நினைவுக்கு வந்தன.

"உடம்புல ஒண்ணும் இல்ல, சம்பந்தி" என்றேன். "நீங்களே கண்ணால பார்த்தீங்களே, அந்த முட்டையை."

நான்தான் அவளை ரிஷ்தான் சாலையில் இருந்த குறிகாரியிடம் அழைத்துப்போனேன். குறிகாரி நாற்பத்தோரு அவரை விதைகளைத் துணியில் பரப்பினாள். என்ன நடந்தது என்று கேட்டாள். முட்டைகளைப் பற்றிச் சொன்னேன். யார் கொடுத்தது என்று கேட்டாள். சொன்னேன். அவளுக்குப் பிள்ளைகள் உண்டா என்று கேட்டாள். ஒரு பெண் குழந்தை செத்துப்போனதை மட்டும் சொன்னேன். விதைகளை மூன்று குவியலாகப் பிரித்துவிட்டுத் தலை நிமிர்ந்தாள்.

"பக்கத்துலயே இருக்கா. பிள்ளையைப் பறிகொடுத்தவ. தனக்கு இல்லாதது உங்களுக்கு இருக்கக்கூடாதுன்னு பண்ணியிருக்கா."

நான் சொன்னதைத்தான் அவள் எனக்கே திருப்பிக் கொடுத்தாள். அது எனக்கு அப்போது தெரியாது என்று சொல்ல ஆசைதான். தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். ஆனால் சலோமத்தின் முகம் இளகியது. "அப்ப பொண்ணு மேல குத்தம் இல்ல" என்றாள். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் அவ்வளவு தூரம் போயிருந்தேன்.

மறுநாள் இனோபத், பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் மாவுக் கஞ்சியைச் சட்டியில் எடுத்துக்கொண்டு வந்தாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. சின்னக் கதவை மறித்து நின்றேன்.

"உள்ள வராதே."

"ஏன்டி? தூங்குறாளா?"

"உன் கஞ்சி வேண்டாம். உன் முட்டை பண்ணினது போதும்."

அவளுக்குப் புரிய நேரமானது. சட்டியை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றாள்.

"சனோபர், என்ன பேசுற நீ? என் பாலைக் குடிச்சு வளர்ந்தவ அவ. நான் அவளுக்கு..."

"உன் பிள்ளை போச்சு. என் பிள்ளை உன் மடியில பொழச்சுது. அதை உன்னால இத்தனை வருஷமாத் தாங்க முடியல."

இதை நான் சொன்னேன். வேறு யாரும் சொல்லித்தரவில்லை. என் வாயிலிருந்துதான் வந்தது. உள்ளறையில் படுத்திருந்த ஜும்ரத்தும் கேட்டாள். கேட்க வேண்டும் என்றுதான் உரக்கச் சொன்னேன். இனோபத் சட்டியைத் தரையில் வைத்துவிட்டுப் போனாள். கஞ்சியை நான் பசுவுக்குக்கூட ஊற்றவில்லை. சாக்கடையில் கொட்டினேன்.

எர்காஷிடம் கதவை அடைக்கச் சொன்னேன்.

"டாக்டர் என் முன்னாடியே சொன்னாரு சனோபர், கொடி சுத்திக்கிச்சுன்னு" என்றார்.

"உங்க டாக்டர் வந்து என் மகளோட வாழ்க்கையைக் காப்பாத்துவாரா?"

அவர் செங்கல் எடுத்து வந்து அடைத்தார். சுவருக்கு அந்தப் பக்கம் இனோபத் நின்றுகொண்டிருந்ததாகவும், கடைசிக் கல் வைக்கும்வரை பார்த்ததாகவும் பிற்பாடு சொன்னார்.

எங்கள் குடியிருப்பில் ஒரு பேச்சு அடுப்பிலிருந்து அடுப்புக்குப் போக அரை நாள் போதும். நான் இரண்டு பேரிடம்தான் சொன்னேன். இனோபத் பாலர் பள்ளியில் சமையல்காரி. தாய்மார்கள் போய்ப் புகார் சொன்னார்கள். அவளைச் சமையலறையிலிருந்து எடுத்துத் தரை துடைக்கப் போட்டார்கள். பிறகு அதுவும் இல்லை. கல்யாண வீடுகளில் அவளுக்கு யாரும் தட்டு நீட்டவில்லை. ஒரு நாள் காலை அவள் முற்றத்தில் கோழிகள் ஒவ்வொன்றாகக் கத்தி ஓய்ந்தன. அத்தனையையும் அறுத்துப் புதைத்துவிட்டாள் என்று சொன்னார்கள்.

ஜும்ரத் புகுந்த வீட்டுக்குத் திரும்பினாள். மறுபடி கரு தங்கவில்லை. ஆனால் அவளை அவர்கள் வைத்துக்கொண்டார்கள். செய்வினை விலக வேண்டும் என்று சலோமத் அவளைத் தர்கா தர்காவாக அழைத்துப்போனாள். வாரம் ஒரு முறை இஸ்ரிக் செடியைக் கொளுத்தி அவள் தலையைச் சுற்றிப் புகை காட்டினாள். ஓதிலும் பொறுத்துக்கொண்டான். நான் செய்தது பலித்துவிட்டது என்று நினைத்தேன்.

நான்கு வருடம் இப்படிப் போயிற்று.

ஒரு கல்யாண வீட்டில் மறுநாள் புலாவுக்காகப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து காரட் அரிந்துகொண்டிருந்தோம். என் பக்கத்தில் ஜைத்தூனா என்ற தாத்தார்ப் பெண்மணி. பெரிய கோழிப்பண்ணை ஒன்றில் இருபது வருடம் வேலை பார்த்தவள். பேச்சு எப்படியோ முட்டைக்கு வந்தது.

"ஒரு வருஷம் எங்க பண்ணையில பெரிய கூத்து" என்றாள். "தானியம் இல்லன்னு பருத்திக்கொட்டைப் புண்ணாக்கையே அள்ளிப் போட்டாங்க. குளிர்பதன அறையில ரெண்டு மாசம் இருந்த முட்டை எல்லாம், வேக வச்சா மஞ்சக்கரு ரப்பரு! பச்சை நிறம் வேற. நாங்க எல்லாம் தூக்கிப் போட்டுப் பிடிச்சு விளையாடினோம். டைரக்டர் அலறிட்டாரு, யாரோ விஷம் வச்சுட்டாங்கன்னு. அப்புறம் கால்நடை டாக்டரம்மா வந்து சிரிச்சாங்க. புண்ணாக்கு தின்ன கோழியோட முட்டையைக் குளிர்ல வச்சா அப்படித்தான் ஆகுமாம். அன்னிக்கு இட்டதை அன்னிக்கே தின்னா ஒண்ணும் தெரியாதாம்."

எல்லோரும் சிரித்தார்கள். என் கை நின்றுவிட்டது.

"அதைத் தின்னா... வயித்துப் பிள்ளைக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"பாதி முட்டையா? அதெல்லாம் ஒண்ணும் ஆகாது. நாங்க மாசக்கணக்கா வீட்டுக்குக் கொண்டுபோய்த் தின்னோம்" என்றாள் ஜைத்தூனா. நான் பாதி என்று சொல்லவேயில்லை. அப்போதுதான் தெரிந்தது, என் கதை அவளுக்கும் தெரியும். எனக்காகத்தான் அவள் இதைச் சொல்லியிருக்கிறாள். வட்டத்தில் இருந்த இரண்டு பெண்கள் குனிந்த தலை நிமிராமல் அரிந்துகொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை தெரு வழியாகச் சுற்றிப்போய் இனோபத்தின் வாசலைத் தட்டினேன். நான்கு வருடத்தில் அவள் பாதியாகியிருந்தாள். உள்ளே கூப்பிடவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கதவைத் திறந்துவிட்டு முற்றத்து மரக்கட்டிலில் போய் உட்கார்ந்தாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். புண்ணாக்கு என் வீட்டிலிருந்து வந்தது, அவள் பிரியத்தால் சேர்த்துவைத்ததால்தான் அப்படி ஆனது, அவள் மேல் எந்தத் தவறும் இல்லை என்றெல்லாம். கடைசியில், "என்னை மன்னிச்சிடுங்க அக்கா" என்றேன்.

"என்ன புதுசா 'மன்னிச்சிடுங்க'?" என்றாள். "நீ, வா, போன்னுதானே பேசுவே."

பிறகு, அடைபட்ட சின்னக் கதவின் பக்கம் பார்த்தாள்.

"இப்ப காரணம் கிடைச்சுது, வந்துட்டே. காரணம் கிடைக்கலன்னா? அந்தத் தாத்தார்க்காரி வாயைத் திறக்கலன்னா? சாகற வரைக்கும் நான் சூனியக்காரிதானே?"

அவள் கட்டிலிலிருந்து எழுந்தாள்.

"என்கிட்ட எதுக்கு சொல்றே சனோபர்? நான் ஒண்ணும் பண்ணலன்னு எனக்குத் தெரியாதா? புண்ணாக்கு இல்ல, எந்த மண்ணாங்கட்டியும் இல்லாமலே எனக்குத் தெரியும். போ. போய் அவகிட்ட சொல்லு. தெருவுல என்னைப் பார்த்தா முகத்தை மூடிக்கிட்டு எதிர்ப்பக்கம் போறாளே, அவகிட்ட சொல்லு."

அன்றே பேருந்து ஏறி ஜும்ரத்தின் வீட்டுக்குப் போனேன். சலோமத் சந்தைக்குப் போயிருந்தாள். ஜும்ரத் துணி அலசிக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை நிறுத்தாமல் அலசினாள். பிறகு ஈரக் கையோடு திரும்பினாள்.

"இதை ஏம்மா என்கிட்ட சொன்னே?"

"உண்மைடி. பாலம்மா மேல ஒரு..."

"உண்மை! நாலு வருஷமா அந்த ஒண்ணை வச்சுத்தான் இந்த வீட்டுல சோறு திங்கறேன். யாரோ பண்ணிட்டாங்க, ஒருநாள் விலகும்னு இவங்க நம்பறாங்க. நானும் நம்பினேன். ராவும் பகலும் அவளைத் திட்டித்திட்டித்தான் உசிரோட இருக்கேன். இப்ப அவ இல்லன்னா வேற யாரு? நான்தானே? என் உடம்புதானே?"

"அப்படி இல்ல கண்ணு..."

"பாலம்மாவை நான் அப்படி வெறுத்திருக்கேனே! அதுக்கு நான் இப்ப எங்கே போறது?" அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, வேறொரு ஆளின் குரலில் சொன்னாள்: "வெளிய யார்கிட்டயும் சொல்லாதே. மாமியார் காதுல விழுந்தா நாளைக்கே என்னைக் கொண்டுவந்து உன் வாசல்ல விட்டுடுவாங்க."

அதனால் நான் சொல்லவில்லை. ஜைத்தூனாவைத் தேடிப்போய் அவளையும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், சரி என்றாள். இனோபத் தினமும் என் பக்கத்து வீட்டில்தான் இருந்தாள். அவள் இருமுவது எனக்குக் கேட்கும். தெருவில் யாராவது அவளைக் கண்டு ஒதுங்கினால் நானும் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன்.

அந்த இலையுதிர்காலத்தில் பஹ்ரோம் தான் வேலை பார்த்த ஷிம்கெந்த் நகரிலிருந்து ஒரு லாரியோடு வந்து தாயை அழைத்துப்போனான். சாமான்களை ஏற்ற எர்காஷ் மட்டும் போனார். நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றேன். லாரியில் ஏறுமுன் அவள் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். அவள் தன் மூட்டைகள் சரியாக இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்தாள்.

அடுத்த வசந்தத்தில் ஓதில் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். செய்வினையாகவே இருந்தாலும் எத்தனை வருஷம்தான் காத்திருப்பது என்று சலோமத் கேட்டாள். ஜும்ரத் இரண்டு பெட்டிகளோடு திரும்பி வந்தாள்.

இனி மறைக்க ஒன்றும் இல்லை. குடியிருப்பில் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். இனோபத் குற்றமற்றவள், எல்லாம் நான் கட்டிய கதை என்று. தேநீர் ஊற்றிக் கொடுத்தார்கள், தலையாட்டினார்கள். "எப்பவோ நடந்தது, விடு சனோபர்" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி, "மகள் திரும்பி வந்த துக்கம், பாவம், என்னென்னவோ பேசுது" என்று நான் வாசல் தாண்டுவதற்குள் சொன்னாள். அவர்களுக்கு முதலில் நான் சொன்னதே போதுமானதாக இருந்தது.

ஜும்ரத் வீட்டில் என்னோடு பேசுவதை மெல்ல மெல்ல விட்டுவிட்டாள். சமைத்தாள், பசுவைப் பார்த்தாள், அப்பாவுக்குச் சட்டை தைத்தாள். ஜூன் மாதத்தில் ஒரு காலை அவள் பெட்டி ஒன்று இல்லை. பாலம்மாவிடம் போகிறேன் என்று எர்காஷிடம் மட்டும் சொல்லியிருந்தாள். அவர்தான் பேருந்தில் ஏற்றிவிட்டு வந்தார்.

"ஏன் தடுக்கல?" என்று கேட்டேன்.

"எதுக்குத் தடுக்கணும்?" என்றார்.

பிறகு ஷிம்கெந்திலிருந்து வந்த ஒருவர் அவர்களைப் பார்த்ததாகச் சொன்னார். சந்தைக்குப் பக்கத்தில் இருவரும் சேர்ந்து ரொட்டி சுட்டு விற்கிறார்களாம். ஜும்ரத் போய் நின்றபோது இனோபத் என்ன சொன்னாள் என்று கேட்டேன். அது அவருக்குத் தெரியவில்லை. ஜும்ரத் இளைத்திருக்கிறாள், ஆனால் வாடிக்கைக்காரர்களிடம் கலகலப்பாகப் பேசுகிறாள் என்றார். அவர் திரும்பிப் போகும்போது கொடுத்தனுப்பப் பாதாம்கொட்டையும் உலர்ந்த ஆப்ரிகாட்டும் ஒரு பையில் கட்டினேன். பையைக் கையில் வாங்கிக்கொண்டவர் தயங்கினார்.

"கோச்சுக்காதீங்கம்மா. ஊர்லேர்ந்து எதுவும் வாங்கிட்டு வர வேண்டாம்னு அந்தப் பொண்ணு சொல்லி அனுப்பிச்சுது" என்று சொல்லி, பையை என் கையிலேயே திருப்பி வைத்தார்.